தட்டைக் கூரை ஒழுகுது: டார்ச் ஷீட்டா, வெள்ளைப் பூச்சா, ரப்பரா?

மொட்டைமாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். மூணும் மூணு திசையில இழுக்குது, அதான் இங்க வந்து கேக்கறேன்.

காங்கிரீட் தளம், 10 மீட்டருக்கு 8 மீட்டர். சுத்தி இடுப்பளவு கைப்பிடிச்சுவர். தண்ணி இறங்க ஒரு மூலையில ஒரே ஒரு குழாய். நடுவுல இரும்பு ஸ்டாண்டு மேல தண்ணித் தொட்டி. ஸ்டாண்டோட நாலு காலையும் தளத்துலயே போல்ட் போட்டு இறுக்கியிருக்காங்க. ஏற்கெனவே சாம்பல் நிறத்துல சிமெண்ட் மாதிரி ஒரு பூச்சு அடிச்சிருக்கு, இப்ப அது பக்கு பக்கா உரிஞ்சு வருது. கீழே படுக்கையறை சீலிங்ல பெரிய ஈரக்கறை. ஃபேன் மாட்டின இடத்துக்குப் பக்கத்துல வந்தாச்சு.

முதல் ஆள் தார் ஷீட்டை டார்ச் வெச்சு உருக்கி ஒட்டலாம்ங்கறார். ரெண்டாவது ஆள், "அதெல்லாம் எதுக்கு சார், வெள்ளை அக்ரிலிக் பூச்சு ரெண்டு கோட் அடிச்சா சூடும் குறையும், ஒழுகலும் நிக்கும்"ங்கறார். மூணாவது ஆள் ஈபிடிஎம் ரப்பர் ஷீட். மூணு பேருமே பத்து வருஷம் கியாரண்டின்னு எழுதிக் கொடுக்கத் தயார். இதுக்கு நடுவுல மச்சான், மேல தகர ஷெட்டு போட்டுட்டா எந்தப் பேச்சும் வேணாம்ங்கறான்.

மாடியில தினமும் ஆள் நடமாட்டம் உண்டு. துணி காயப்போடறோம், தொட்டி வால்வைத் திருக ஆள் போவாங்க. பின்னாடி சோலார் பேனல் வைக்கற எண்ணமும் இருக்கு. எந்தப் பொருள் நல்லது?


ரசமட்டம் எழுதியது:

ஃபேன் பக்கத்துல ஈரம்னா முதல்ல அந்த ரூமோட சர்க்யூட்டை ஆஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. பொருளைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

உங்ககிட்ட வந்த மூணு பேருமே அவங்கவங்க பொருள்ல நல்ல ஆளா இருக்கலாம். ஆனா டார்ச் வெச்சிருக்கறவர் எந்த மாடியைப் பார்த்தாலும் டார்ச்தான் சொல்வார். நான் கூரை ஒழுகல் வேலை எடுத்துச் செய்யறவன். எல்லாத்தையும் போட்டிருக்கேன், எல்லாத்தையும் சுரண்டியும் எடுத்திருக்கேன். சுரண்டும்போது கத்துக்கிட்டதுதான் அதிகம்.

எத்தனை வருஷம் உழைக்கும்னு எல்லாரும் கேப்பாங்க. நான் கேக்கச் சொல்ற கேள்வி வேற: நாளைக்கு இது ஒரு இடத்துல விட்டுப்போனா, அதுமேல என்ன ஒட்டும்? எந்தப் பொருளும் என்னைக்காவது எங்கயாவது விடும். அன்னிக்கு ஒரு முழம் இடத்துல ஒட்டுப் போட்டு முடிச்சுடலாமா, இல்ல மொத்தமா 80 சதுர மீட்டரையும் சுரண்டணுமா? கூரைப் பொருள்ல பெரிய வித்தியாசமே அங்கதான் இருக்கு.

டார்ச் ஷீட்டை எடுத்துக்குங்க. அது வெறும் தார் இல்ல, பாலிமர் கலந்த பிட்டுமன். ரெண்டு ரகம் உண்டு. ஏபிபி வெயிலைத் தாங்கும், கொஞ்சம் விறைப்பு. எஸ்பிஎஸ் ரப்பர் மாதிரி வளையும், கடுங்குளிர்லயும் வெடிக்காது. 3 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் கனத்துல, பொதுவா 1 மீட்டர் அகலம் 10 மீட்டர் நீளச் சுருளா வரும். பக்கவாட்டுல ஒண்ணு மேல ஒண்ணு 10 சென்டிமீட்டர், நீளவாக்குல 15 சென்டிமீட்டர் ஏறணும். ஒட்டினது சரியான்னு தெரிஞ்சுக்க மெஷின் எதுவும் வேணாம்: ஜாயிண்ட் ஓரமா உருகின பிட்டுமன் விரல் அகலத்துக்குள்ள ஒரே கோடா வெளிய பிதுங்கி நிக்கணும். கோடு விட்டுவிட்டு வந்திருந்தா, விட்ட இடத்துல அடியில ஒட்டலைன்னு அர்த்தம். இதுல பழுது பார்க்கறது சுலபம், அதே ஷீட்டை வெட்டிச் சூடாக்கி ஒட்டிடலாம். ஆனா அதுமேல வேற ரகப் பூச்சு அடிக்கணும்னா பிட்டுமன் எண்ணெய் மேல கசிஞ்சு கறை விடும், பூச்சும் பிடிப்பு விடும். நடுவுல அதுக்குன்னு இருக்கற பிரைமர் அடிச்சே ஆகணும். இன்னொண்ணு, கல்துகள் பதிச்ச ஷீட்டா இல்லாம வெறும் கறுப்பா போட்டா வெயில்ல மேல்தோல் வறண்டு வெடிச்சிரும். மரச்சட்டக் கூரையில டார்ச்சைப் பத்த வைக்கவே விடமாட்டேன். உங்களுது காங்கிரீட், அதனால அந்தப் பயம் இல்ல.

ஈபிடிஎம் எனக்குப் பிடிச்ச பொருள். 15 மீட்டர் அகலம் வரைக்கும் ஒரே ஷீட்டா வரும், அதனால உங்க 10க்கு 8 மாடியை ஜாயிண்டே இல்லாம மூடலாம். 1.1 அல்லது 1.5 மில்லிமீட்டர் கனம். இழுத்தா அதோட நீளத்தைப் போல மூணு மடங்குக்கு மேல நீளும். வெயிலுக்கு அசையாது. பல வருஷம் கழிச்சுக்கூட நல்லா துடைச்சு, பிரைமர் போட்டு, அதே ரப்பர்ல ஒட்டுப் போடலாம். ஆனா எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் பட்டா ஊதிப்போகும். பழைய தார் மேல நேரா விரிக்கக் கூடாது. வெப்பத்துல உருக்கி ஒட்ட முடியாது, பிரைமரும் டேப்பும்தான். உங்க மாடியில நடுவுல நிக்கற அந்த நாலு காலுக்காக ஷீட்டை வெட்டினா, ஜாயிண்ட் இல்லைங்கற பெருமை அங்கயே போச்சு.

பிவிசியும் டிபிஓவும் சூடான காத்துல பற்றவைக்கற பிளாஸ்டிக் ஷீட்டுங்க. ஜாயிண்ட் ஒரே பிளாஸ்டிக்கா உருகிச் சேர்ந்துரும், நல்ல பலம். ஆனா அதுக்கான மெஷினும் அதை ஓட்டத் தெரிஞ்ச கையும் வேணும். பிவிசிக்குள்ள இருக்கற மென்மையாக்கி வருஷம் போகப் போக வெளியேறிரும். பழசான ஷீட்ல புதுசைப் பற்றவைக்கறது கஷ்டமாகும். தார் மேலயோ தெர்மாகோல் மேலயோ நேரா போட்டா இன்னும் சீக்கிரம் விறைச்சுப் போகும், நடுவுல பிரிப்புத் துணி விரிக்கணும்.

வெள்ளை அக்ரிலிக் சூடு குறைக்கும், அது நிஜம். புதுசுல வெயிலோட முக்கால் பங்குக்கு மேல திருப்பி அனுப்பிடும், அழுக்கேறினா குறையும். ஆனா தண்ணி தேங்கற இடத்துல அது ஊறி மெத்துன்னு ஆகி உரியும். கியாரண்டிக் காகிதத்தை நல்லாப் படிங்க, தேங்கின தண்ணிக்குப் பொறுப்பில்லைன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். உங்க மாடியில தண்ணி தேங்குதா இல்லையான்னு தெரியாம அதை அடிக்கறது வீண்.

சிலிக்கோன் பூச்சு தேங்கற தண்ணிக்கு அசராது. அதனாலயே அதைப் பலர் சிபாரிசு பண்றாங்க. ஆனா ஒரு தடவை சிலிக்கோன் அடிச்சுட்டீங்கன்னா, அதுக்கப்புறம் அதுமேல சிலிக்கோனைத் தவிர எதுவும் ஒட்டாது. பூச்சும் ஒட்டாது, ஷீட்டும் ஒட்டாது. புழுதி மட்டும் நல்லா ஒட்டும். மழையில வழுக்கும் வேற. துணி காயப்போடற மாடிக்கு நான் அடிக்க மாட்டேன்.

இதையெல்லாம் வெச்சு இப்பவே எதையும் தேர்ந்தெடுக்காதீங்க. மழை விட்டதும் மாடிக்குப் போய்த் தேங்கின தண்ணியைச் சுத்திச் சாக்பீஸால கோடு போடுங்க. 48 மணி நேரம் கழிச்சும் தண்ணி நின்னா அது தேக்கம். ஆழத்தை ஸ்கேல் வெச்சுப் பாருங்க. கைப்பிடிச்சுவர் தளத்தோட சேர்ற மூலையைச் சுத்தி வாங்க, வெடிப்பு இருந்தா போட்டோ எடுங்க. சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க, உள்ளே காலியான சத்தம் எங்கெல்லாம் வருதுன்னு. காய்ஞ்சு தெரியற இடத்துல முழங்கை நீளத்துக்குச் சதுரமா ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க விடுங்க. அடியில வேர்த்திருந்தா தளத்துக்குள்ள ஈரம் இருக்கு. கீழே சீலிங் கறையைச் சுத்தியும் பென்சில் கோடு போட்டு, மழை இல்லாத நாள்ல அது வளருதான்னு பாருங்க. வளர்ந்தா குற்றவாளி தொட்டிதான், கூரை இல்ல.


கம்பிக்கட்டு எழுதியது:

ரசமட்டம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்டடப் பொறியாளர் என்ற முறையில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த ஒற்றைக் குழாய். 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் 1 லிட்டர், அதாவது 1 கிலோ. இலையோ பிளாஸ்டிக் பையோ குழாய் வாயை அடைத்து, கைப்பிடிச்சுவருக்குள் 10 சென்டிமீட்டர் நின்றால் 80 சதுர மீட்டருக்கு 8 டன். ஒழுகல் அப்போது சின்னக் கவலை ஆகிவிடும். இரண்டாவது குழாயும், அதுவும் அடைத்தால் தண்ணீர் வெளியே கொட்டும்படி கைப்பிடிச்சுவரில் கொஞ்சம் உயரத்தில் ஒரு துவாரமும் வேண்டும். அந்தத் துவாரத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தாலே குழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, நீர்காப்பு எதுவானாலும் அதன் மேல் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பக் காப்புப் பலகையை (கெட்டியான நுரைப் பலகை) விரித்து, மேலே நடைபாதைக் கல்லோ சரளையோ போடலாம். தலைகீழ்க் கூரை என்பார்கள். எக்ஸ்பிஎஸ் தண்ணீரைக் குடிக்காது. சாதாரண தெர்மாகோல் குடிக்கும், அதை இங்கே போடவே கூடாது. நீர்காப்பு வெயிலையே பார்க்காது, தளமும் சூட்டில் நீண்டு சுருங்குவது குறையும். காங்கிரீட் ஒரு டிகிரிக்கு லட்சத்தில் ஒரு பங்கு நீளும். தளத்தின் வெப்பநிலை 40 டிகிரி ஏறி இறங்கினால் 10 மீட்டர் நீளத்தில் 4 மில்லிமீட்டர். அந்த 4 மில்லிமீட்டர் எந்த வெடிப்பில் போய்ச் சேருகிறதோ, அங்கே விறைப்பான சிமெண்ட் பூச்சு கிழியும். உங்கள் சாம்பல் பூச்சு உரிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சரளை 5 சென்டிமீட்டர் போட்டாலே சதுர மீட்டருக்கு 80 கிலோவைத் தாண்டும். தளம் அந்தப் பாரத்துக்குப் போட்டதா என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொன்ன பிறகே செய்யுங்கள்.


நிழல்தேடி எழுதியது:

மச்சான் சொன்னதுல தப்பே இல்ல பிரதர். எங்க வீட்ல தகர ஷெட்டுதான் போட்டோம். துணி மழையில நனையறதில்ல, கீழ்வீடு சூடும் குறைஞ்சது. பூச்சு, ஷீட்டுன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்க வேணாம்.


ரசமட்டம் எழுதியது:

நிழல்தேடி, ஷெட்டு நிழல் கொடுக்கும், மறுக்கல. ஆனா கைப்பிடிச்சுவர் மண்டையில விழற தண்ணியை அது என்ன பண்ணும்? சுவர் வழியா இறங்கற ஈரம் ஷெட்டுக்கு அடியிலயே உள்ள வந்துரும். ஷெட்டுக் காலுக்காகத் தளத்துல புதுசா ஓட்டை போடுவாங்க. காத்து அடிச்சா தகரம் மேல்நோக்கி இழுக்கும், அந்த இழுப்பு முழுக்க அந்த போல்ட்டுக்குத்தான் போகும். சாய்வு 5 டிகிரிக்கும் கீழே போனா நெளிதகடோட ஜாயிண்ட்லயே தண்ணி ஏறும். ஸ்க்ரூவோட ரப்பர் வாஷர் வெயில்ல காய்ஞ்சு போகும், அதை யாரும் ஏறி மாத்தறதில்ல. கூரையைச் சரி பண்ணிட்டு அப்புறம் நிழலுக்கு ஷெட்டு போடுங்க, நல்லது. ஒழுகலை மறைக்க மட்டும் போடாதீங்க. பின்னாடி அடியில இருக்கறதைச் சரி பண்ணணும்னா ஷெட்டையே பிரிக்கணும். சோலார் வேற வைக்கணும்னு சொல்றார்.

கம்பிக்கட்டு மேடம் சொன்ன வழிஞ்சோடற துவாரத்தை எல்லாரும் குறிச்சுக்குங்க. அதைப் போடாத மாடிகள்தான் நான் பார்த்ததுல பாதிக்கு மேல.


மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து மழைக்கு அப்புறம் சொன்னதெல்லாம் பார்த்தேன்.

தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு பெரிய குட்டை. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தாலும் வத்தாதுன்னுதான் தோணுது, இப்ப ஆழம் 2 சென்டிமீட்டர். குழாய் வாய் சுத்தியிருக்கற தளத்தைவிடக் கொஞ்சம் உயரமா இருக்கு, அதனால கடைசித் தண்ணி போகவே வழியில்ல. கைப்பிடிச்சுவர் மூலையில ரெண்டு பக்கம் நீளமா மயிரிழை வெடிப்பு, நகம் நுழையற அளவு. தொட்டிக் கால்ல ரெண்டுல போல்ட்டைச் சுத்தித் துருக்கறை. மழைக்கு முன்னாடியே கொஞ்சம் மேடான இடத்துல பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்திருந்தேன், காலையில அடியில முத்து முத்தா தண்ணி. மழையே இல்லாத அந்த வாரத்துல சீலிங் கறை பென்சில் கோட்டைத் தாண்டல. அப்ப தொட்டி இல்ல, கூரைதான்.

இப்ப சொல்லுங்க சார், எதைப் போடறது? ஈபிடிஎம் ஒரே ஷீட்டுன்னு சொன்னதுல இருந்து எனக்கு அதுமேல ஆசை வந்துருச்சு.


ரசமட்டம் எழுதியது:

நல்லா பார்த்திருக்கீங்க. கொட்டேஷன் கொடுத்தவங்கள்ல எத்தனை பேர் இதைப் பார்த்தாங்கன்னு யோசிச்சுக்குங்க.

வாட்டத்துல இருந்து ஆரம்பிப்போம். தட்டைக் கூரைன்னு பேர்தான், தட்டையா இருக்கவே கூடாது. வேலை முடிஞ்ச பிறகு சாய்வு 80க்கு 1ஆவது இருக்கணும், அதாவது 80 சென்டிமீட்டர் ஓட்டத்துக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம். வரையும்போது 40க்கு 1ன்னு வெச்சாத்தான் வேலை முடிஞ்சு 80க்கு 1 மிஞ்சும். இப்ப உங்க மாடியில 10 மீட்டருக்கு ஒரே பக்கமா 80க்கு 1 கொடுத்தா, மேட்டுப் பக்கம் 12.5 சென்டிமீட்டர் சாந்து ஏறும். சராசரி 6 சென்டிமீட்டருக்கு மேல. சதுர மீட்டருக்கு 130 கிலோ அளவுக்குப் பாரம். அதே ரெண்டாவது குழாயை எதிர்ப்பக்கம் போட்டு நடுவுல மேடு வெச்சா, ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டர்தான். மேடு 6 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, பாரம் பாதி. குழாய் ஒண்ணு கூடப் போட்டா ஒழுகல் மட்டும் இல்ல, எடையும் குறையுது. அந்தப் பாதிப் பாரத்தையும் தளம் தாங்குமான்னு பொறியாளரைக் கேட்டுட்டுத்தான் போடணும். தாங்காதுன்னா சாய்வா வெட்டின காப்புப் பலகை இருக்கு, எடையே தெரியாது. ஆனா அதுமேல பூச்சு சரிப்படாது, ஷீட்தான் போடணும். அப்படி ஆச்சுன்னா நான் கீழே சொல்ற பதில் மாறும், திரும்பி வந்து கேளுங்க. குழாய் வாயை எப்படிப் போனாலும் உடைச்சு எடுத்துத் தளத்தைவிட ஒரு விரல் கீழே இறக்குங்க. இதைச் செய்யாம எந்தப் பொருளைப் போட்டாலும் குட்டை அப்படியேதான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி அந்தச் சாம்பல் பூச்சு முழுசா போகணும். ஒட்டியிருக்கற இடத்தை விட்டுட்டு உரிஞ்ச இடத்தை மட்டும் சுரண்டறேன்னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. புதுப் பூச்சோட பிடிப்பு அடியில இருக்கற பூச்சோட பிடிப்பைத் தாண்டாது. கிரைண்டர்ல கப் பிளேடு போட்டுக் காங்கிரீட் தெரியற வரைக்கும் தேய்க்கணும்.

கைப்பிடிச்சுவர் மூலை வெடிப்பை ஆங்கிள் கிரைண்டரால "வி" மாதிரி பிளந்து, தூசி ஊதி, நீளக்கூடிய பாலியூரித்தேன் சீலண்ட் அடைக்கணும். சிமெண்ட் வெச்சு அடைச்சா அடுத்த வெயிலுக்கே பக்கத்துல புது வெடிப்பு. அப்புறம் சுவரும் தளமும் சேர்ற மூலையில செங்கோணம் இருக்கக் கூடாது. 5 சென்டிமீட்டருக்குச் சாய்வா சாந்து வெச்சு மழுக்கணும். நீர்காப்பு அதுமேல ஏறி, முடிஞ்ச தளத்துல இருந்து குறைஞ்சது 15 சென்டிமீட்டர் சுவர்ல போகணும். மேல் விளிம்பைச் சுவர்ல காடி வெட்டி உள்ளே மடிச்சு அடைக்கணும். பாதிப் பேர் ஒரு சாண் ஏத்திட்டு அப்படியே விட்டுருவாங்க. சுவர்ல வழியற தண்ணி பின்பக்கமா இறங்கும். சுவர் மண்டைக்கும் வெளிப்பக்கம் இல்லாம மாடிப் பக்கம் வாட்டம் கொடுத்துப் பூசுங்க.

தொட்டிக் கால்தான் எனக்குப் பிடிக்காத இடம். தொட்டியைக் காலி பண்ணி இறக்கி, நாலு காலுக்கும் தளத்தோட சேர்த்துச் சின்னதா காங்கிரீட் மேடை கட்டி, நீர்காப்பை மேடை மேல ஏத்தி மூடி, அதுக்கு மேல ஸ்டாண்டை வெறுமனே உக்கார வைங்க. அடியில ரப்பர் பேடு. நிறைஞ்ச தொட்டியோட எடையே அதைப் பிடிச்சுக்கும். ஆனா காலியா நிக்கற நாள்ல காத்து அடிக்கற இடம்னா ஸ்டாண்டை எப்படிப் பிடிச்சுக் கட்டறதுன்னு பொறியாளரைக் கேட்டுக்குங்க. சோலாருக்கும் இதே மேடைகளை இப்பவே சேர்த்துக் கட்டிடுங்க. பின்னாடி வர்ற சோலார்காரர் டிரில் மெஷினோடதான் வருவார்.

இப்ப பொருள். தளத்துக்குள்ள ஈரம் இருக்குன்னு பிளாஸ்டிக் தாள் காட்டிருச்சு. ஈரத்து மேல காத்துப் புகாத எதைப் போட்டாலும், வெயில்ல ஆவி கிளம்பிக் கொப்புளம் கொப்புளமா தூக்கும். அதனால வறண்ட பருவம் வர்ற வரைக்கும் பொறுங்க. வாட்டச் சாந்து போட்டு, குறைஞ்சது 28 நாள் விட்டு, திரும்பப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்து, அடியில காய்ஞ்சிருந்தா மட்டும் தொடங்குங்க. அதுவரைக்கும் மழைக்குக் கெட்டித் தார்ப்பாயைக் கட்டிச் சமாளிக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

ஈபிடிஎம் ஆசையைக் கெடுக்க விரும்பல, ஆனா நாலு தொட்டி மேடை, சோலார் மேடை, குழாய்கள்னு வந்துட்டா ரப்பர் ஷீட்டை அங்கங்க வெட்டி ஒவ்வொண்ணுக்கும் மூலை ஒட்டணும். கறுப்பு வேற, மேல காப்புப் பலகை போடாட்டி வெயில்ல 70 டிகிரிக்கு மேல சுடும், வெறுங்கால்ல துணி எடுக்கப் போக முடியாது. எதுவுமே நீட்டிக்கிட்டு இல்லாத, ஆள் ஏறாத மாடின்னா கண்ணை மூடிக்கிட்டு ஈபிடிஎம் சொல்லியிருப்பேன்.

உங்க மாடிக்கு நான் போடறது திரவ பாலியூரித்தேன். பிரைமர், முதல் கோட், அது ஈரமா இருக்கும்போதே மூலை, மேடை, குழாய் வாய் எல்லாத்துலயும் பாலியெஸ்டர் துணியைப் பதிச்சு, மேல ரெண்டாவது கோட். காய்ஞ்ச பிறகு கனம் குறைஞ்சது 1.5 மில்லிமீட்டர் இருக்கணும். எத்தனை மேடை, எத்தனை மூலை இருந்தாலும் ஜாயிண்ட் இல்லாம சுத்திக்கும். சாதாரண அரோமாட்டிக் ரகம் வெயில்ல மஞ்சளடிச்சு மாவு மாதிரி உதிரும், அதனால கடைசி கோட் வெயில் தாங்கற அலிஃபாட்டிக் ரகமா, வெளிர் நிறமா இருக்கட்டும். நடக்கற தடத்துல அந்தக் கோட் ஈரமா இருக்கும்போது சன்னமான குவார்ட்ஸ் மணலைத் தூவுங்க, வழுக்காது.

அடுத்த தடவை என்ன ஒட்டும்னு கேட்டேன் இல்லையா, இதுக்குப் பதில் நல்லாவே இருக்கு. பழசைக் கழுவி, லேசா தேய்ச்சு, பிரைமர் போட்டு அதே பாலியூரித்தேன் அடிக்கலாம். பின்னாடி காப்புப் பலகையும் கல்லும் மேல போடணும்னு தோணினாலும், தளம் பாரம் தாங்கும்னா போட்டுக்கலாம்.

இதுல ஒரே ஆபத்து, கனத்தை ஏமாத்தறது ரொம்ப சுலபம். ஷீட்னா தொழிற்சாலையிலயே கனம் முடிவாயிடும். திரவம்னா ரோலர் பிடிச்ச கைதான் முடிவு பண்ணும்.

வேலை முடிஞ்சதும் குழாயை அடைச்சுத் தண்ணி நிறுத்திப் பாருங்க, 24 மணி நேரமாவது. 5 சென்டிமீட்டர் நின்னாலே மொத்தம் 4 டன், அதனால களிமண்ணால வரப்பு கட்டிப் பகுதி பகுதியா நிறுத்துங்க. கடைசிப் பணத்தை அதுக்கு அப்புறம் கொடுங்க.


மொட்டைமாடி எழுதியது:

ரொம்பத் தெளிவா இருக்கு சார். கனத்தை ஏமாத்தறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வெட்டிப் பார்க்கணுமா?


ரசமட்டம் எழுதியது:

வெட்ட வேணாம், டின்னை எண்ணுங்க.

1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் கனம்னா 1 லிட்டர். மேடம் மழைக்குச் சொன்ன அதே கணக்குதான். உங்க தளம் 80. சுத்தளவு 36 மீட்டர், சுவர்ல ஒரு அடி ஏத்தறோம்னு வைங்க, அது ஒரு 11. ஆக 91 சதுர மீட்டர். 1.5 மில்லிமீட்டருக்குக் காய்ஞ்ச பொருள் 136 லிட்டர் வேணும். டின் மேலயோ விவரத் தாள்லயோ கொள்ளளவுல திடப்பொருள் எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். 85 சதவீதம்னா 160 லிட்டர் வாங்கணும். 20 லிட்டர் டின்ல எட்டு. சிந்தறது, ரோலர் குடிக்கறது தனி.

சீல் பிரிக்காத டின்னா மாடியில அடுக்கச் சொல்லுங்க. காலி டின்னை வேலை முடியற வரைக்கும் கீழே எடுத்துட்டுப் போக விடாதீங்க. ஒரு கோட் நடக்கும்போது பல் வெச்ச சின்னத் தகடு ஒண்ணால ஈரக் கனத்தை அங்கங்க குத்திப் பார்க்கலாம், அது நல்ல ஆளுங்ககிட்ட இருக்கும். இல்லாட்டி டின் கணக்கே போதும்.


மொட்டைமாடி எழுதியது:

இப்பத்தான் அந்த வெள்ளைப் பூச்சுக்காரர் கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். 20 லிட்டர் டின் நாலு, ரெண்டு கோட்னு போட்டிருக்கு. அந்த அக்ரிலிக் விவரத் தாள்ல திடப்பொருள் 50 சதவீதம். அப்படின்னா 40 லிட்டர். 91ஆல வகுத்தா அரை மில்லிமீட்டர்கூட வரல.


ரசமட்டம் எழுதியது:

0.44. அதுலயும் 2 சென்டிமீட்டர் குட்டைக்கு அடியில. பத்து வருஷக் கியாரண்டியில தேங்கின தண்ணியைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு, அதையும் இங்க போடுங்க.